நான் குலுக்கிய வைன் போத்தல்

இலங்கையில் நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நான் சமையல்காரனாக இருந்தேன். தம் பிறந்தநாளன்று துரை இரண்டு தட்டு வைக்கச் சொன்னார். யாரோ விருந்தாளி வருகிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு பிரெஞ்சு வைன் போத்தலைக் கொடுத்தார். அவருடைய அம்மாவின் ஊரில், வயதான திராட்சைக் கொடிகளின் பழத்தில் செய்ததாம். அடியில் மண்டி தேங்கியிருந்ததால், தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தைப் போல நன்றாகக் குலுக்கி ஊற்றினேன். கருஞ்சிவப்பாக இருந்த வைன் சேறாகக் கலங்கிவிட்டது.

"ஐயோ, கெடுத்துட்டேனுங்க தொரை!"

அவர் ஒரு வாய் குடித்தார். "பரவாயில்ல. இந்தத் தட்டு ஒனக்குத்தான். ஒக்காரு."

துரைக்கு முன்னால் தோட்டத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. நானும் கைகட்டியே நின்றேன். அவர் தனியாகக் குடித்து முடித்தார்.

என் மனைவி இறந்தபின், இப்போது நானும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அன்றைக்கு நான் உட்கார்ந்திருக்கலாம்.