தேன்குரல் வீட்டில் கரண்ட் இல்லை

மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்குத் தேன்குரல் என்று பெயர். எவ்வளவு கொதிப்போடு போன் செய்தவரும் அவள் பேச்சில் ஆறிப்போவார்கள். "ரெண்டு நாள்ல ஆள் வருவாங்க, கவலைப்படாதீங்க" என்பாள். ஆள் போனானா இல்லையா என்பது அவள் தலைவலி இல்லை. வேலைக்குப் புதிதாக வந்தவளுக்கும் அதே இழுப்போடு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான்.

அப்பாவால் மாடிப்படி ஏற முடியவில்லை, மூச்சு வாங்கியது. அதற்காகவே கீழ்த்தளத்தில் ஒரு வாடகை வீடு பிடித்தாள். முன்பு குடியிருந்தவர்கள் காலி செய்ததும் கரண்ட்டைத் துண்டித்திருந்தார்கள். "கரண்டுக்கு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் சாமானை ஏத்தும்மா" என்று வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டாளா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்ற மிதப்பு. லைன்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்தாள். "பாத்துக்கலாம்க்கா" என்றான். அதை நம்பி அப்பாவையும் அவருடைய மூச்சு மிஷினையும் கொண்டுவந்து இறக்கினாள்.

சாயங்காலமாகியும் அவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அப்பாவுக்கு இழுக்கத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் தன் அலுவலகத்துக்கே போன் போட்டாள். அந்தப் புதியவள்தான் எடுத்தாள்.

"அக்கா, உங்க பேர்ல பதிவே இல்லையே. இப்ப எழுதிக்கிறேன். ரெண்டு நாள்ல ஆள் வருவாங்க, கவலைப்படாதீங்க."

பாடம் பிசகாமல் ஒப்பித்தாள், பாவி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? மிஷினை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, அப்பாவைக் கைத்தாங்கலாக நடத்திப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, எதிர்வீட்டுக்குப் புதுசா வந்திருக்கோம். அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. மிஷினை மாட்ட ஒரு பிளக் கிடைக்குமா?"

அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் அவரை உள்ளே கூட்டிப் போனாள். சுவரோரம் விரிப்பில்லாத ஒரு கட்டில், அதன் தலைமாட்டிலேயே பிளக். "இதுல மாட்டும்மா. எங்க வீட்டுக்காரருக்கும் இதே மிஷின்தான்" என்றாள்.

அப்பாவின் இழுப்பு மெல்லத் தணிந்தது. அந்த அம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே."

இவள் குனிந்து மிஷின் வயரைச் சரிசெய்தாள். அப்பாதான் மூக்குமூடியை விலக்கிப் பெருமையாகச் சொன்னார். "கரண்ட் ஆபீஸ்ல போன் எடுக்கிறது என் பொண்ணுதாங்க. தேன்குரல்னு பேரு."

அந்த அம்மாள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போன மழையில லைன் அறுந்தப்ப விடாம போன் பண்ணேன். அவ்வளவு தன்மையா பேசினே. உன் பேச்சை நம்பித்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம வீட்டுலயே வெச்சிருந்தேன். நீ சொன்ன மாதிரி ரெண்டாம் நாள் ஆளும் வந்தான். அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனதுக்கு அப்புறம்."

அந்த அம்மாளே மூக்குமூடியை எடுத்து அப்பாவுக்குச் சரியாகப் பொருத்திவிட்டாள்.

"ஐயா இருக்கட்டும். நீ வெளியில நில்லு."

வாசலில் வந்து நின்றாள். எதிரே அவள் வீடு இருண்டு கிடந்தது. உள்ளே திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க நாக்கு நுனி வரை வார்த்தை வந்தது. அதே குரலில் அதைக் கேட்க அவளுக்கே கூசியது.