போனைப் பிடித்திருந்தவள்

டாக்டருக்கு எங்கள் அண்ணி வெறும் குரல்தான். வீடியோவில் அண்ணன் தெரிவான், அவன் எடை மெஷினில் ஏறி நிற்பதும் தெரியும். போனைப் பிடித்திருப்பவள் அண்ணி. "டாக்டர், இவர் சொல்றதை நம்பாதீங்க. நேத்து பிரிட்ஜுக்குள்ள தலையை விட்டுட்டு நின்னாரு" என்று போட்டுக் கொடுப்பதும் அவள்தான்.

அண்ணனுக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. முழங்கால் தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போய்விட்டது. நூறு கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் ஆபரேஷன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவனால் கிளினிக் படி ஏற முடியாது என்பதால் டாக்டர் மாதாமாதம் போனிலேயே பார்த்தார். குறை சொல்ல முடியாது, தங்கமான மனுஷி.

அண்ணி ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து இவனுக்கு எண்ணெயில்லாமல் சமைப்பாள். அதையே அவளும் சாப்பிட்டாள். அண்ணனுக்குக் கால் கிலோ இறங்குவதற்குள் அவள் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. "வைத்தியம் எனக்கு, பலன் இவளுக்கு!" என்று அண்ணன் வயிறெரிந்தான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

ஒருவழியாக எடை தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. ஆபரேஷனுக்குக் கடிதம் தர டாக்டர் நேரில் வரச் சொன்னார். நான்தான் கைத்தாங்கலாகப் படியேற்றினேன். கிளினிக் மெஷினிலும் அதே எடை. அண்ணனுக்கு முகமெல்லாம் பல். டாக்டர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கதவோரம் பையோடு நின்றவளைப் பார்த்தார்.

"போன்ல பேசறது நீங்கதானாம்மா?"

"நானேதான் டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கழுத்தோரம் தடவிய விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"இந்தக் கட்டி எவ்வளவு நாளா இருக்கு?"

"அது கிடக்கு டாக்டர், வலியே இல்ல. இவருக்கு மாத்திரை..."

"மெஷின்ல ஏறுங்க."

ஏறினாள். நான் எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போகும் என் மகளின் எடை! அடப்பாவிகளா, வீட்டில் இத்தனை மாதம் மெஷின் கிடந்ததே, ஒருத்தனாவது இவளை அதில் ஏறச் சொன்னோமா?

"இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப் போடவே கூடாது" என்றார் டாக்டர்.

"முதல்ல இவர் கால் சரியாகட்டும் டாக்டர். அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் அண்ணி.

அண்ணன் கடிதத்தை மேஜைமேல் திருப்பி வைத்தான். நொண்டிக்கொண்டே போய் அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கினான். வாய்விட்டு அழுதான்.

"இந்தக் காலு எங்கயும் ஓடிப் போயிடாது. நீ வாடி."