தேன் நிறத்தில் வந்த எண்ணெய்

“நீ எஞ்சினைப் படமா வரைஞ்சு மார்க்கு வாங்குனவ. நெச எஞ்சின் உன்னைய மதிக்காதுட்டி.”

இதைச் சொன்னவர் என் தாய்மாமா. லாரி ஓட்டுகிறவர். எங்கள் வாசலில் நின்ற என் சின்னக் காரின் முன்சக்கரத்தைச் செருப்புக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, மிச்சத்தை அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “வித்துருங்க அத்தான். கேக்க ஆள் இருக்கு. இது ஓடுன நாளை விட ஒர்க் ஷாப்புல கெடந்த நாள்தான் கூட.”

அதில் பாதி உண்மை. போன தடவை ஆயில் மாற்ற விட்ட வண்டி, இன்றைக்கு நாளைக்கு என்று நான்கு நாள் அங்கேயே கிடந்தது. திருநெல்வேலியைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து எந்த பஸ்ஸைப் பிடித்தாலும் ஆறு மணிக்குப் போய்ச் சேர முடியாது. அந்த நான்கு நாளும் தாமதமாகப் போனேன். இன்னொரு முறை இப்படி நடந்தால் வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். இப்போது மறுபடி ஆயில் மாற்றும் நேரம் வந்திருந்தது. வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் அடுத்து என் கல்யாணப் பேச்சுதான் வரும். மாமா அந்தப் பேச்சோடுதான் வந்திருந்தார்.

“இனிமே ஆயில நானே மாத்துதேன்” என்றேன். “இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்தி, திங்கக்கிழம காலைல இதே வண்டியில வேலைக்குப் போயிட்டா, விக்கிற பேச்சே வரக் கூடாது.”

அப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “செரி. போகலன்னா நீயும் பேசக் கூடாது.”

அப்பாவும் அம்மாவும் மாஞ்சோலையில் தேயிலை பறித்தவர்கள். எஸ்டேட் வேலை முடிந்து எல்லாரும் மலையை விட்டு இறங்கியபோது நாங்களும் இறங்கி இந்த ஊருக்கு வந்தோம். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தேன். அதை எங்கேயும் சொல்லிக்கொள்வேன். இப்போதும் சொல்கிறேன். ஆனால் மாமா சொன்னது எனக்கு உறைத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் எஞ்சின் ஒன்றுதான் இருந்தது. பையன்கள் அதைச் சுற்றி நின்று கழற்றுவார்கள். பெண்கள் எங்களைப் பார்த்து, “உங்க கையெழுத்து நல்லாருக்கும்மா, நீங்க ரெக்கார்டு எழுதுங்க” என்பார்கள். நாங்கள் ஐந்து பேரும் மூன்று வருடம் எழுதினோம். எஞ்சினின் குறுக்குவெட்டை பென்சிலில் நிழல் போட்டு வரைவேன். அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி, அதன் ஆகக் கீழே ஒரு போல்ட். அந்த போல்ட்டைக் கையால் தொட்டதே இல்லை.

எங்கள் தெருவை ஒட்டி ஒரு பாசன வாய்க்கால் போகிறது. இரண்டு பக்கமும் சிமெண்டுக் கரை. நடவுக்கு முந்தின அந்த நாட்களில் அது காய்ந்து கிடந்தது. இந்தப் பக்கச் சக்கரங்கள் ஒரு கரையிலும் அந்தப் பக்கச் சக்கரங்கள் மறு கரையிலும் நிற்கும்படி வண்டியை ஏற்றினால், வாய்க்காலுக்குள் உட்கார்ந்து அடியில் வேலை பார்க்கலாம். எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் பார்க்கிற வழி அது. ஒரே சிக்கல், அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிடும் என்றார்கள்.

சனிக்கிழமை மதியம் உள்ளே இறங்கினேன். காய்ந்த சேறும் செத்த நண்டும் நாறியதால் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டேன். படத்தில் வரைந்தது மாதிரியே ஆகக் கீழே ஒரு போல்ட் இருந்தது. ஸ்பேனரை மாட்டி, காலால் ஒரு மிதி. கழன்றது. கீழே வைத்த பிளாஸ்டிக் பேசினில் எண்ணெய் விழுந்தது. தேன் மாதிரி, நூலாக.

அம்மாவைக் கூப்பிட்டேன். “எம்மா, இங்கன வந்து பாரு. இத்தனை நாள் ஓடியும் எப்படித் தெளிவா இருக்கு. வண்டிய நான் வச்சிருக்க லெச்சணம் அப்படி. உன் தம்பிகிட்டச் சொல்லு.”

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லெண்ணெய் கெணக்கா இருக்கே” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

போல்ட்டை மூடினேன். பில்டரைக் கழற்றியபோது முழங்கை வரை கருப்பாக வழிந்தது. பில்டருக்குள் அழுக்குத்தானே தங்கும் என்று நினைத்துக்கொண்டேன். புதிய பில்டரை மாட்டி, அம்பாசமுத்திரத்தில் வாங்கிய எண்ணெய்க் கேனை முழுதாக ஊற்றினேன். எதிர் வீட்டு அத்தை ஒரு டப்பாவோடு வந்து நின்றாள். உறவில் அத்தை இல்லை, கூப்பிடுவது அப்படி. “கழிவு ஆயில கீழ ஊத்திராதட்டி. ஆட்டுக் கொட்டிலு காலு பூரா கரையான். தடவி விடணும்.” பேசினில் இருந்ததை அப்படியே அவளிடம் கொடுத்தேன்.

பிறகு சாவியைத் திருப்பினேன். எஞ்சின் கனத்துப்போய்ச் சுற்றியது. பின்னால் நீலப் புகை. உள்ளே எதையோ கடைவது போல ஒரு சத்தம். நியூட்ரலில் ஒரு நிமிடம்கூட ஓடவிடவில்லை, அணைத்தேன். அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால், மேல் கோட்டுக்கு மேலே மூன்று விரல் அளவு எண்ணெய். அதுவும் கருப்பாக. சற்று முன் நான் ஊற்றியது வெளிறிய மஞ்சள்.

எங்கே தப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வண்டி சரிந்து நிற்கிறதா? இல்லை, இரண்டு கரையும் ஒரே மட்டம். கேனில் அளவு கூடவா? அதுவும் இல்லை, கையேட்டில் போட்டிருந்த அளவுதான். அப்படியானால் எண்ணெயே போலி என்று முடிவு கட்டினேன். ஆயில் கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“அண்ணாச்சி, டூப்ளிகேட் மாலக் குடுத்து ஏமாத்திட்டீங்க. ஊத்துன நிமிசத்துல கருத்துப் போச்சு.”

“ஏம்மா, சீல உடைச்சது நானா நீயா?”

“நான்தான். ஆனா உள்ள இருந்தது...”

“என்ட்ட நூறு பேரு வாங்கிட்டுப் போறான். உனக்கு மட்டும் எப்படிம்மா கருக்கும்?” வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மறுபடி அடியில் இறங்கி, கூடுதலாக இருப்பதை வடிக்கலாம் என்று அதே போல்ட்டைத் திறந்தேன். நான்கு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். விரலை விட்டுப் பார்த்தேன், கம்பி விட்டுக் குத்திப் பார்த்தேன். மேலே குச்சியில் எண்ணெய் வழிகிறது. கீழே துளை காய்ந்து கிடக்கிறது. இப்படி ஒன்றை எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. போனில் தேடினால் ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்று சொன்னார்கள். சாப்பிட உட்கார முடியவில்லை. எழுந்து வாய்க்கால் வரை நடப்பேன், திரும்புவேன். குச்சியை எத்தனை முறை உருவித் துடைத்தேனோ.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அத்தையின் குரல் தெருவிலேயே கேட்டது.

“ஏட்டி, என்ன எண்ணெயட்டி குடுத்த? ராத்திரி பூரா ஆடு கொட்டிலுக்குள்ள போகமாட்டேன்னுட்டு. மழைத் தூத்தல்ல வெளிய நிக்கி. ஒரே அழுகுன பூண்டு நாத்தம்.”

“கழிவாயில் நாறத்தான் செய்யும் அத்த.”

“எனக்குக் கழிவாயில் தெரியாதா? எந்த வருசமும் ஆட்டோக்காரன்ட்ட வாங்கித்தான் தடவுதேன். தார் மாதிரி கரேல்னு இருக்கும். இது எங்கன கருப்பு? எங்க ஆச்சி தலைக்கித் தேய்க்கிற எண்ணெய் மாதிரில்லா இருக்கு.” மிச்சமிருந்த டப்பாவை என் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

மூக்கில் துண்டு இல்லாமல் அப்போதுதான் அதை முகர்ந்தேன். பூண்டு, கந்தகம், ஏதோ ஒன்று. டப்பாவுக்குள் தேன் நிறம். டப்பாவைப் பிடித்திருந்த என் நகக் கண்களில் முந்தின நாள் பில்டரிலிருந்து வழிந்த கருப்பு இன்னும் போகாமல் இருந்தது. இரண்டும் ஒரே வண்டியின் எண்ணெய். ஒரே எண்ணெய் இல்லை.

கந்தகம் கலப்பது கியர் எண்ணெயில். நான் வடித்தது கியர் பாக்ஸ் எண்ணெய்.

சொல்லும்போது இப்போதும் காது சூடாகிறது. என் படத்தில் எஞ்சின் மட்டும்தான் இருக்கும். வண்டியில் எஞ்சினும் கியர் பாக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி எண்ணெய், தனித்தனி போல்ட். ஆகக் கீழே இருந்தது கியர் பாக்ஸுடையது. எஞ்சின் பழைய கருப்பு எண்ணெயோடு நிறைந்து இருந்தது. அதன் தலையில் இன்னொரு கேனை ஊற்றியிருக்கிறேன். கியர் பாக்ஸ் சொட்டு எண்ணெய் இல்லாமல் கிடக்கிறது. தெளிவாக இருக்கிறது என்று அம்மாவிடம் பெருமை பேசினேனே, அது தெளிவாக இருந்ததற்கு என் பராமரிப்பு காரணமே இல்லை.

“என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?” என்றாள் அத்தை.

“அத்த, ஒரு மணி நேரம் பொறுங்க. நெச கழிவாயில் ரெண்டு மடங்கு தாரேன்.”

வாய்க்காலுக்குள் குதித்தேன். எஞ்சின் தொட்டியின் போல்ட் பின்பக்கம் பார்த்தபடி, சேறு அப்பிப்போய் இருந்தது. சுரண்டினால்தான் தெரிந்தது. திறந்ததும் தார் மாதிரி கொட்டியது. பேசின் நிறைந்து, அம்மா ஓடிப்போய்ப் பழைய மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுவந்து, அதுவும் முக்கால் ஆயிற்று. வாய்க்காலில் ஒரு சொட்டுகூடச் சிந்தவிடவில்லை. சாயங்காலம் அதே இடத்தில் வயலுக்குப் போகிற தண்ணீர் ஓடும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒன்று தோன்றியது. கியர் எண்ணெய் வாங்கி வந்தாலும் ஊற்றுகிற துளை திறக்குமா? கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த அந்த போல்ட் அசையவே இல்லை. திறக்காவிட்டால் எல்லாம் முடிந்தது. மாமா சொன்னது பலித்துவிடும். ஸ்பேனரில் தொங்கினேன், எதுவும் நடக்கவில்லை. மேலே கரையில் நின்ற அப்பா போய், பந்தலுக்கு நட்டிருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்து கீழே நீட்டினார். ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகி, இரண்டு கையாலும் இழுத்தேன். கிரீச் என்று ஒரு சத்தம். போல்ட் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். உடையவில்லை, கழன்றிருந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் படியோரமே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி பாதி நாள்தான் கடை திறப்பார். போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன்.

“அண்ணாச்சி, எஞ்சின் ஆயில் ஒண்ணு. கியர் ஆயில் ரெண்டு லிட்டர். புனலும் டியூபும் வேணும்.”

குரலை வைத்தே கண்டுகொண்டார். “நேத்து டூப்ளிகேட்டுன்னது நீதானா?”

“நான்தான். உங்க மாலு நல்ல மாலு. நான் எஞ்சினுக்குப் பதிலா கியர் பாக்ஸ் போல்ட்டக் கழத்திட்டேன். பேசுனது தப்பு அண்ணாச்சி.”

அவர் கருத்துப்போன என் கையைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “கடை வச்ச மெக்கானிக்கே கழத்திருக்கான்மா. அவன் வண்டிக்காரன்ட்டச் சொல்லமாட்டான், அம்புட்டுதான்.” கேன்களை எடுத்து வைத்துவிட்டு, “ஆனா ஒண்ணு, நீ போன்ல கத்துனதுல என் வீட்டுக்காரி எனக்கு ராத்திரி சோறு போடல. ‘பொம்பளப் பிள்ளய ஏமாத்துதீரா’ன்னு கேட்டா. அவ கேக்க இப்ப ஒருக்கச் சொல்லிட்டுப் போ” என்று போனைப் போட்டு என் காதில் வைத்தார். சொன்னேன். அந்தம்மா நம்பினாரா என்று தெரியவில்லை.

ஊர் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பா வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். “தண்ணி தோப்புக்கிட்ட வந்துட்டு.” கொஞ்ச நேரம் கழித்து, “மதகத் தாண்டிட்டு.” நான் காரின் மேல்புறத்திலிருந்து டியூபைக் கீழே இறக்கி, அதன் நுனியைப் பக்கவாட்டுத் துளையில் சொருகி, கியர் எண்ணெயை ஊற்றச் சொல்லி அம்மாவிடம் புனலைக் கொடுத்திருந்தேன். கியர் எண்ணெய் லேசில் இறங்காது. “பையம்மா, பைய” என்று கீழிருந்து கத்துகிறேன். “பையத்தான் ஊத்துதேன், நீ கெடந்து அலறாத” என்கிறாள் அவள். துளை வாயில் தேன் நிறம் தளும்பி வழிந்தது. அதுதான் அளவு. போல்ட்டை இறுக்கினேன். எஞ்சினுக்கு ஊற்றி, மூன்று போல்ட்டையும் இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் குதிகால் நனைந்தது.

செத்த நண்டையும் சருகையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்திருந்தது. ஸ்பேனரைக் கரையில் எறிந்துவிட்டு ஏறினேன். சாவியைத் திருப்பினேன். புகை இல்லை. கடைகிற சத்தம் இல்லை. குச்சியில் எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. முதல் கியரைப் போட்டு வண்டியைக் கரையிலிருந்து இறக்கினேன். அப்பா குழாயைப் பந்தலில் திரும்ப நட்டார். அத்தை டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலையில் போகிற வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, குனிந்து, டார்ச் அடித்துச் சொட்டுகிறதா என்று பார்த்தேன். சேரன்மகாதேவியில் ஒருமுறை, திருநெல்வேலி டவுணைத் தாண்டி ஒருமுறை. தரை காய்ந்திருந்தது. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தொழிற்சாலை வாசலில் இருந்தேன். அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் செய்தேன். “செரி” என்றார். போனை வைக்கும் முன், “உங்க மாமாவுக்கு நானே சொல்லிக்கிடுதேன்” என்றார்.

தொழிற்சாலையிலும் என் வேலை எழுதுவதுதான். தரம் பார்க்கும் பிரிவு. ஓடிவரும் பொருளைப் பார்த்து, பதிவேட்டில் குறிக்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பேனாவைப் பிடித்திருந்த என் விரல் நகத்தில் கருப்பு இருந்தது. மதிய இடைவேளையில் சாப்பாட்டுக்குப் போகாமல் எந்திரப் பராமரிப்புப் பிரிவுக்குப் போனேன். மூன்று மாதமாக ஆள் கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் தொங்குகிறது. நானும் மூன்று மாதமாகப் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

“இதுல கூப்பிட்ட நேரத்துக்கு வரணும்மா” என்றார் அந்தப் பிரிவின் தலைவர். “நீ அம்பாசமுத்திரம் பக்கம்லா. பஸ்ஸ நம்பி வேலை ஆகாது.”

“வண்டி இருக்கு சார். இன்னைக்கு அதுலதான் வந்தேன்.”

அவர் ஒரு படிவத்தைத் தள்ளினார். பெயர், படிப்பு, இப்போதைய பிரிவு எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் இரும்பு முனை வைத்த ஷூவுக்குக் கால் அளவு கேட்டிருந்தார்கள். ஐந்து என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.