சத்தமில்லாத டிஸ்க்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பவானி முதலில் மின்விசிறியை நிறுத்துவார். அடுத்து ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார். பிறகு சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போய், படுக்கையறையில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே படுக்க வைப்பார். "டிக்கு டிக்குனு உசுர வாங்குது" என்பது கடிகாரத்தின் மேல் அவருக்கிருக்கும் புகார். வெளி அறையில் உட்கார்ந்திருக்கும் கணவர் சசிதரன் செய்தித்தாளைப் புரட்டினால்கூட உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏங்க, அத மடிச்சு வச்சுப் படிங்க."

இத்தனையும் பாட்டுக் கேட்பதற்கு. ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து பலமுறை பால் திரிந்திருக்கிறது. சசிதரன் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினால், "சீனியப் போட்டுக் கிண்டிருவோம். திங்க மாட்டீகளாக்கும்" என்று பதில் வரும்.

போடியில் பவானிக்கு ஒரு சிறிய ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. மலைத் தோட்டங்களிலிருந்து வரும் காயைச் சுத்தம் செய்து, சல்லடையில் ஏற்றித் தரம் பிரித்து, வெடித்ததையும் வெளுத்ததையும் பெண்கள் கையால் பொறுக்கி எடுத்து, மூட்டை கட்டி அனுப்புகிற இடம். காம்பையும் தூசியையும் நீக்கும் இயந்திரம் காலையில் ஓட ஆரம்பித்தால் மாலை வரை நிற்காது. அதனால் அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். நலம் விசாரிப்பதுகூட வெளியே நிற்பவனுக்குச் சண்டை போலக் கேட்கும். அந்த ஸ்டோரை எடுத்து நடத்தத் தொடங்கிய புதிதில், வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும் பவானிக்கு. தூக்கம் வராது.

அப்போதுதான் ஒரு வேலையாகச் சென்னைக்குப் போனவர், வெயிலுக்கு ஒதுங்கி ஏசிக்காக ஒரு கடைக்குள் நுழைந்தார். அது விலை உயர்ந்த ஸ்பீக்கர்கள் விற்கும் கடை. யாரோ வயலின் வாசித்த ஒரு பதிவு ஓடிக்கொண்டிருந்தது. "வில்லு நரம்பத் தொடுறதுக்கு முன்னாடி அவரு ஒரு மூச்சு இழுத்தாரு பாருங்க, அது கேட்டுச்சு" என்று இன்றைக்கும் சொல்வார். "பக்கத்துல உக்காந்திருக்குற மாதிரி. பாட்டு எனக்கு என்னத்தத் தெரியும்? அந்த மூச்சுதான்."

அந்த மூச்சைத் தேடித்தான் ஒவ்வொரு பொருளாக வீட்டுக்கு வந்தது. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், கடைசியாகக் கறுப்பாகத் தட்டையாக ஒரு பெட்டி. மியூசிக் சர்வர். சிடியில் இருப்பதையெல்லாம் உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்கும். கேஸ் கொண்டுவரும் அழகுமலை அதை இன்வெர்ட்டர் என்று நினைத்துக்கொண்டு, "பேட்டரி எங்கனக்கா இருக்கு?" என்று கேட்டார். பவானி திருத்தவில்லை. திருத்தினால் விலையைச் சொல்ல வேண்டி வரும்.

சர்வர் காலியாகத்தான் வந்தது. உள்ளே எந்த டிஸ்க்கைப் போடுவது என்பதை வாங்குகிறவர் முடிவு செய்துகொள்ள வேண்டும். பவானி அதை முடிவு செய்யாமல் மாதங்களைக் கடத்தினார். ஒரு பென் டிரைவில் நாலைந்து கச்சேரிகளைப் போட்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்க் வைத்திருந்தார். ஓர் ஐப்பசியில் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இடி விழுந்தபோது அதுவும் போனது. சேர்த்த பாட்டு மொத்தமும் அதோடு போயிற்று. மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு சிடியாகப் போட்டு மறுபடி ஏற்றினார். அன்றிலிருந்து எதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஒரு நகல் அனுமந்தன்பட்டியில் தங்கை ஹேமாவதி வீட்டு பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஹேமாவதி அந்த டிஸ்க்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். "மிஷினுன்னு சொன்னியேக்கா" என்றார், கேட்டதற்கு.

மதுரையிலிருந்து இந்தச் சாமான்களை வரவழைத்துக் கொடுப்பவர் சுரேஷ்கண்ணன். பொறுமைசாலி. போனில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இடம் தாராளம், விலை குறைவு, ஆனால் ஓடும்போது மெல்லிய இரைச்சல் வரும். எஸ்எஸ்டி என்றால் உள்ளே சுழலுவது எதுவும் கிடையாது, சத்தமே இருக்காது, ஆனால் விலை கூடுதல், அதே காசுக்கு இடம் கம்மி.

"சத்தம் வந்தா எனக்கு ஆகாது தம்பி" என்றார் பவானி. "ஃபிரிட்ஜையே அமத்துறவ நானு."

"அப்ப எஸ்எஸ்டி போட்டுரலாம் மேடம். எட்டு டெராபைட் போடுவமா?"

போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சசிதரன் குறுக்கே வந்தார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர். எதற்கும் ஒரு கணக்கு வேண்டும். "எட்டு டெராவுல பாட்டப் போட்டா எம்புட்டு நாளைக்கு ஓடும்?"

"நிப்பாட்டாம வருசக்கணக்குல ஓடும் சார்."

"அம்புட்டையும் கேட்டு முடிக்க நாம இருக்கணும்ல?"

"முடிக்கவா கேக்குறோம்?" என்றார் பவானி.

கடைசியில் சுரேஷ்கண்ணனே ஒரு ஞாயிறன்று இரண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போடிக்கு வந்தார். கேட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, கடிகாரம் தலையணைக்குள் போனது. முதலில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி சர்வரை இயக்கினார். இன்னும் பாட்டுப் போடவில்லை. பவானி முன்னால் குனிந்து, கண்ணை மூடிக் கவனித்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"என்ன தம்பி, என்னமோ இரைச்சல் வரும்னீக? சத்தத்தையே காணமே. இதுக்குப் போயி எதுக்கு எஸ்எஸ்டி?"

சுரேஷ்கண்ணன் நிலைப்படியில் நின்றிருந்த சசிதரனைப் பார்த்தார். சசிதரன் தரையைப் பார்த்தார். மூட்டையைப் பிரிக்கும் முன்பே, கொண்டுவந்த ஆளின் முகத்தை வைத்து அடியில் கிடக்கும் காய் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடும் பெண் பவானி. இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குது பவானி" என்றார் சசிதரன்.

"எப்படிக் கேக்குது?"

"ஊய்ங்குனு. கொசு கணக்கா."

பவானி வலது காதைப் பெட்டியருகே கொண்டுபோனார். பிறகு இடது காதை. அப்புறம் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தார். ஏதோ சுழல்வது கைக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை. "நான் திரும்பி உக்காந்துக்கிறேன். நீங்க போட்டுப் போட்டு அமத்துங்க" என்றார். ஓடும்போது இல்லை என்றார், நின்றிருக்கும்போது இருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் போதும் என்று எழுந்து, காபி போட்டு வந்தார். சுரேஷ்கண்ணன் இரண்டு டிஸ்க்கையும் பையில் வைத்துக்கொண்டு அவசரமாகக் குடித்தார். "ரெண்டு வாரம் கழிச்சு யோசிச்சுச் சொல்றேன் தம்பி. பாத்துப் போங்க, ஆண்டிபட்டிக் கணவாய்ல மழையா இருக்கும்" என்று வாசல் வரை போய் வழியனுப்பினார். அன்று ஃபிரிட்ஜைப் போட மறக்கவில்லை. பாட்டுத்தான் கேட்கவில்லை.

தேனியில் காது மருத்துவர் அவரை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு அழுத்த எதுவும் வரவில்லை. வெளியே வந்தபோது ஒரு வரைபடம் தயாராக இருந்தது. சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு, கீச்சென்ற மெல்லிய ஒலிகளின் பக்கம் வந்ததும் போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு இறங்கும் மலைப்பாதை போலச் சரிந்திருந்தது.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"ஏலக்காய்."

"அதுல என்ன சத்தம்?"

"காய்ல இல்ல டாக்டர். மிஷின்ல."

போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகும்போது காதை மூடும் கவசம் மாட்ட வேண்டும். பாட்டு கேட்கலாமா என்று பவானி கேட்டார். தாராளமாகக் கேளுங்கள், சத்தத்தை மட்டும் கூட்டாதீர்கள் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பவானி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஊர் நெருங்கும்போது கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சசிதரன் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார். "மழ நாள்ல சில்வண்டு கத்துதுன்னு சொல்லுவேன்ல. நீ எங்கனன்னு கேப்ப. மொத தடவ வெளையாடுறன்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீ கண்ண மூடிக்கிட்டு சந்தோசமாக் கேட்டுக்கிட்டிருந்த. எங்க போயிச் சொல்ல?"

பவானிக்குக் கோபம் வந்தது. எதன்மேல் என்று தெரியாததால் அதை அவர்மேலேயே போட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை முன்னால் நடந்தார்.

மறுநாள் காலை ஸ்டோரில், இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்பு, சல்லடையைத் துடைத்துக்கொண்டிருந்த மொக்கம்மாளைப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த ஸ்டோரில் பவானிக்கும் முன்பிருந்து வேலை செய்கிறவர் மொக்கம்மாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். மொக்கம்மாள் ஏதோ முணுமுணுத்தபடி துடைத்துக்கொண்டே இருந்தார். பவானி அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே கொத்தனார் வந்தார். இயந்திரம் ஒரு பக்கமும் காய் பொறுக்கும் பெண்கள் மறுபக்கமுமாக நடுவில் சுவர் எழும்பியது. இயந்திரத்துக்குக் காய் போடுகிறவர்களுக்குக் காதுக் கவசங்கள் வந்தன. மொக்கம்மாளையும் தேனிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தார். கவசத்தை முக்காட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு மொக்கம்மாள் கண்ணாடியில் பார்த்தார்.

"ஏத்தா, ஏரோப்பிளேன் ஓட்டுறவுக மாட்டுறதுல்ல இது? இதப் போட்டா நீ கூப்பிட்டாக் கேக்காதே."

"கேக்க வேணாம்னுதான மாட்டச் சொல்றேன்."

சுவருக்கும் கவசத்துக்கும் பணம் போனதில், டிஸ்க்குக்கென்று எடுத்து வைத்திருந்தது இளைத்துப்போனது. சுரேஷ்கண்ணன் போன் செய்தார். பவானி பணம் குறைந்ததைச் சொன்னதும் அவர் தயங்கினார். "மேடம், அப்ப ஹார்ட் டிஸ்க்கையே போட்டுரலாமா? எடமும் நெறைய. உங்களுக்குத்தான் சத்தம்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவர் சொல்ல வந்ததில் பிழையில்லை. அந்த இரைச்சல் பவானிக்கு இனி ஒருநாளும் கேட்கப் போவதில்லை. பாதிக் காசில் நாலு மடங்கு இடம் கிடைக்கும்.

"எனக்குக் கேக்கலைன்னா சத்தம் இல்லைன்னு ஆயிருமா தம்பி?" என்றார் பவானி. "வீட்டுல இன்னொரு சோடிக் காது இருக்கு. எஸ்எஸ்டியே போடுங்க. எட்டு வேணாம், ரெண்டு டெரா போதும். ஹார்ட் டிஸ்க்கு ஒண்ணு தனியாக் குடுங்க. அதப் பின்கட்டுல வச்சு ஒயரு இழுத்துக்கிறேன். அங்கன அது எப்படிக் கத்துனாலும் பரவால்ல."

இரண்டு டெராவுக்குள் எல்லாம் அடங்காது. எதை உள்ளே வைப்பது, எதைப் பின்கட்டுக்கு அனுப்புவது என்று மாலை வேளைகளில் உட்கார்ந்து பிரித்தார். வேலை அவருக்குப் பழகியதுதான். ஆனால் ஏலக்காயைப் போலக் கை வேகமாக ஓடவில்லை. சில கச்சேரிகளை முழுவதும் கேட்ட பிறகுதான் ஒதுக்க முடிந்தது. சில ஒதுக்கப்பட்டு, மறுநாள் திரும்பி வந்தன. சில பதிவுகளில், முன்பு இருந்ததாக ஞாபகமுள்ள ஏதோ ஒன்று இப்போது இல்லை. அவற்றையும் உள்ளேதான் வைத்தார்.

சுரேஷ்கண்ணன் வந்து எஸ்எஸ்டியை மாட்டிவிட்டுப் போன ஞாயிறு, சசிதரன் வழக்கம்போலச் செய்தித்தாளோடு வெளி அறைக்குக் கிளம்பினார்.

"எங்க போறீக? இங்கன வந்து உக்காருங்க."

"நானா? எனக்கு என்னத்தத் தெரியும்?"

"தெரிய வேணாம். காது இருக்குல்ல."

ஒரு நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலியோடு ஒட்டிப் போட்டார். வயலின் கச்சேரி, பக்கவாத்தியத்தில் கஞ்சிராவும் இருந்தது. வயலின் கனமாகவும் இனிமையாகவும் வந்துகொண்டிருந்தது. கஞ்சிராத் தோலில் விழும் அடியும் தெளிவாக வந்தது. பவானி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"தோலு அடிக்குறது கேக்குதுல்ல? அதுகூட ஓரத்துல சில்லுனு ஒரு சத்தம் வருதா? சின்னச் சலங்கை மாதிரி?"

சசிதரன் தலையைச் சாய்த்துக் கவனித்தார். "ஆமா. வருது."

"எங்கெங்க வருது?"

அதை வாயால் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, நாற்காலிக் கையின் மேலிருந்த பவானியின் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்தார். சலங்கை விழுந்தபோது தட்டினார். விழுந்தபோதெல்லாம் தட்டினார். வாழ்நாளில் ஒரு தாளத்தையும் ஒழுங்காகப் போட்டறியாதவர்; ஒவ்வொரு தட்டும் அரை நொடி பிந்தியே வந்தது. பவானி கண்ணை மூடிக்கொண்டு, கையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.