நான் மிதிக்காத கால்

பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் கிரில் பட்டறை நான் கட்டியது. பேங்கில் கையை விரித்தார்கள். பழைய இரும்பைப் பொறுக்கி விற்றுக் கட்டினேன். அதற்குப் பின்னால் நிற்கும் மாடி வீடு, தங்கைகளின் கல்யாணம், பிள்ளைகளின் பட்டப்படிப்பு எல்லாம் இந்தக் கை உழைத்தது. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் நான் செய்த முதல் பெரிய காரியம் இதில் எதுவும் இல்லை. பத்து வயதில், சாஆ ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்து மலையில், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தேன். அதுதான்.

நான் காலை முன்னே நீட்டிப் பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கு இடுப்பு பிடித்தாலும், கால் பிசகினாலும் என்னைக் கூப்பிட ஆள் வந்துவிடும். குப்புறப் படுத்திருக்கும் பெரியவர்களின் முதுகில் ஏறி மூன்று மிதி மிதிப்பேன். எழுந்து நடப்பார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்கு இல்லாத மரியாதை எனக்கு இருந்தது, பொய் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களை மலை அருவிக்குக் கூட்டிப்போனார். அப்பா, மாமாவின் மனைவி அத்தை, மாமாவின் கூட்டாளிகள் இருவர், நான். மாமா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர், உரமான உடம்பு. அடி தேய்ந்து தகடாகிப்போன ஜப்பான் சிலிப்பரோடு மலையேறினார். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மலை ஆளைக் கவிழ்ப்பது இறங்கும்போதுதான். கால் களைத்திருக்கும், மனசு வீட்டுச் சோற்றுக்குப் போயிருக்கும். இப்போது பேரப்பிள்ளைகள் மலையேறக் கிளம்பினால் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்க்காமல் நான் விடுவதில்லை. தூறலில் நனைந்த வேரில் மாமா வழுக்கினார். வலது கால் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் கீழே போனது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்காலுக்கு மேல் வீங்கியது. சுளுக்குத்தான் என்றார் அப்பா. அத்தை என்னை முன்னால் தள்ளினாள். மாமாவே வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு காலைக் காட்டினார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் நிற்காவிட்டால், மேற்பார்க்கும் மண்டோர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். வேலை போனால் லயத்து வீடும் போகும். எல்லோருக்கும் அதுதான் பயம்.

குனிந்து பார்த்தேன். தோலுக்குள் எதுவோ கூராக முட்டிக்கொண்டு நின்றது, சாக்குக்குள் போட்ட விறகு மாதிரி. சுளுக்கில் நான் அப்படிப் பார்த்ததில்லை. பின்வாங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"மிதிடா. மாமா நாளைக்கு வேலைக்குப் போவணும்ல," என்றார் அப்பா.

"மாட்டேன்."

இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அடித்தார். மாமா துண்டைத் துப்பிவிட்டு, "டேய் ராசா, மூணே மிதி. ஒன்னயக் கும்பிடுறேன்டா," என்று அழுதார். அப்போதும் நான் எழவில்லை. அந்தத் தழும்பு இன்னும் தொடையில் இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம்.

மிதிக்க வேறு ஆள் இல்லை. கால் அசைந்தாலே மாமா கதறினார். அதனால் இரண்டு பக்கமும் கம்பு வைத்து, அத்தையின் முந்தானையைக் கிழித்துக் கட்டினார்கள். கட்டு இறுகிக் கால்விரல் நீலம் பாரித்ததும் தளர்த்தினார்கள். சாரோங் துணியில் தூளி போலக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது, யாராவது மிதித்திருந்தால் தோலைக் கிழித்து வெளியே வந்திருக்கும், காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டவுன் டாக்டர் சொன்னாராம். அப்பா இதை அம்மாவிடம் அடிக்குரலில் சொன்னதை நான் கேட்டேன். வெளியில் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மாமா மாவுக்கட்டோடு கிடந்தபோதே வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சட்டி பானையை லோரியில் ஏற்றிக்கொண்டு, பொந்தியானில் அத்தையின் அண்ணன் வீட்டில் ஒண்டப் போனார்கள். லோரியில் ஏறும்போது அத்தை என்னைப் பார்த்து, "மூணு மிதி மிதிச்சிருந்தா எங்களுக்கு இந்தக் கதி வந்திருக்குமா? பாவி," என்றாள். மாமா தலையைத் திருப்பிக்கொண்டார். அப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு லயத்தில் யாரும் என்னைச் சுளுக்குக்குக் கூப்பிடவில்லை.

எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டைப் பிடுங்கியது தோட்டத்து நிர்வாகம். அதை ஒரு வார்த்தை கேட்டால் மிச்சமிருப்பவர்களின் வீடும் போகும், எங்கள் வீடும் சேர்த்து. கோபத்தை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். பத்து வயசுப் பையன் தலையில் வைத்தால் திருப்பிக் கேட்க ஆளில்லை.

மாமா போன மாதம் இறந்தார். கடைசிவரை இரண்டு காலில் நடந்தார். லேசாக இழுக்கும், அவ்வளவுதான். கருமாதியில் அவருடைய மூத்த மகன் டாக்டருக்கு நன்றி சொன்னான், முருகனுக்கு நன்றி சொன்னான். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். பயந்து உட்கார்ந்த பையன்தானே என்பீர்கள், சொந்தக்காரர்களே. சரி, பயம்தான். அன்றைக்கு அந்த மலையில் வேறு யாருக்கு அந்தப் பயம் வந்தது? வீடு போனதை என் பேரில் எழுதினீர்கள். இத்தனை வருஷம் சுமந்தேன். அந்தக் கால் பிழைத்ததையும் என் பேரில் எழுதுங்கள்.