கல்லில் கொழுந்தன் பேர்

ஜெயசீலிக்குக் கோபமே வராது என்று ஆம்பூர் ஷூ கம்பெனியில் சொல்வார்கள். சூப்பர்வைசர் கத்தினாலும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, பிரித்த தையலை மறுபடி போடுவாள். அப்படிப்பட்டவளுக்குப் பொறாமை வந்தது. அதுவும் ஓரகத்தி ஃபீபி மேல்.

அவள் வாழ்க்கைப்பட்டது பட்டாளத்து வீடு. அண்ணன் வில்சன் அவளுக்கு, தம்பி தேவபாலன் ஃபீபிக்கு. வில்சன் எண்பத்தெட்டில் போனான். சண்டையுமில்லை, ஒன்றுமில்லை, மலைப்பாதையில் அரிசி மூட்டை ஏற்றிப்போன பட்டாளத்து லாரி உருண்டது. அதற்குப் பிறகுதான் அவள் கம்பெனி வாசலை மிதித்தாள். தேவபாலன் தொண்ணூற்றொன்பதில் கார்கிலில் குண்டடிபட்டுச் செத்தான். அவன் பெட்டி மேல் கொடி போர்த்தி வந்தது. பஜார் முழுக்கக் கடை அடைத்தார்கள். வில்சன் பெட்டி வந்த அன்றைக்கு நல்ல மழை. தூக்க ஆள் தேட வேண்டியிருந்தது.

இப்போது சபைக் கோயில் வாசல் கல்லிலும் புதிதாகத் தேவபாலன் பேர்.

அந்தக் கல் லேசுப்பட்டதல்ல. முதல் உலக யுத்தத்தில் பஸ்ரா பக்கம் போய்த் திரும்பாத சபை ஆட்களுக்காக வெள்ளைக்காரப் பாதிரியார் வைத்தது. தோல் ஊறும் தொட்டியிலும் அடுத்தவன் வயலிலும் கிடந்தவர்களை ஊர் வாடா போடா என்று கூப்பிட்ட காலம். தகப்பன் பேரோடு முழுசாக அவர்கள் பேரை எழுதிய முதல் இடம் அந்தக் கல்தான். சபையார் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

ஜெயசீலி சபைச் செயலாளர் ரத்தினசாமியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, எங்க வூட்டுக்காரர் பேரையும் சேத்து வெட்டிடலாமே. ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதானே?"

"சண்டையில செத்தவங்க பேர்தாம்மா. லாரி கவுந்ததுக்கெல்லாம் வெட்டினா கல்லு பத்தாது."

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஆனாலும் தைத்துவிட்டது.

நவம்பரில் நினைவு ஞாயிறு வரும். சபைப் போதகரான ஐயர் கல்லிலுள்ள பேர்களை வாசிப்பார். ஒவ்வொரு பேருக்கும் அந்த வீட்டு மூத்த பெண் எழுந்து "ஸ்தோத்திரம்" சொல்ல வேண்டும். மூத்தவள் இருக்க இளையவள் எழுவது வழக்கமில்லை. ஆளில்லாத பேருக்கு யாராவது இரங்கி எழுவார்கள். மாமியார் போனபின் அந்த வீட்டில் மூத்தவள் ஜெயசீலிதான்.

காலையில் ஃபீபி வந்தாள். "அக்கா, இன்னிக்கு நீதான் எழுந்துக்கணும்."

"பாக்கலாம்."

"இன்னாக்கா பாக்கலாம்?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

அவள் போனதும் ஜெயசீலி முழங்காலில் நின்றாள். ஆண்டவரே, இந்த எரிச்சலை எடுத்துப்போடும் என்று கேட்டாள். எழுந்தபோதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

கோயிலில் பழைய பேர்கள் முடிந்து, "தேவபாலன்" என்றார் ஐயர். ஜெயசீலி குனிந்து பாட்டுப்புத்தகத்தைப் புரட்டினாள். ஃபீபி முழங்கையால் இடித்தாள். "அக்கா..."

ஜெயசீலி அசையவில்லை. என் புருஷனைக் கூப்பிடாத கல்லுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

ஐயர் இரண்டாம் தரம் வாசித்தார். ஃபீபியின் கை பெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தது. முன் பெஞ்சில் ஜெனிஃபா டீச்சர் திரும்பிப் பார்த்தாள். தன் பாட்டனார் பேருக்கு வருஷா வருஷம் பட்டுப்புடவையில் எழுகிறவள். "ஐயோ, பாவம்" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தாள்.

ஃபீபி மேலிருந்த எரிச்சல் ஒரே தாவாகத் தாவி அந்தப் பட்டுப்புடவை மேல் போய் விழுந்தது.

"உக்காருங்க டீச்சர்!" ஜெயசீலி எழுந்துவிட்டாள். "எங்க வூட்ல ஆளு இருக்கோம்!"

கோயிலே திரும்பியது. அதற்கப்புறம்தான் அவளுக்கு "ஸ்தோத்திரம்" ஞாபகம் வந்தது. அதையும் சத்தமாகச் சொன்னாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஃபீபி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஏன்க்கா இவ்ளோ நேரம்?"

"காலு மரத்துப்போச்சு."

"கோயில் வாசல்ல நின்னுக்கினு பொய் சொல்லாத."

ஜெயசீலி கல்லைப் பார்த்தாள். புது எழுத்து மட்டும் வெளேரென்று இருந்தது.

"எரியுதுடி ஃபீபி. உன் வூட்டுக்காரன் பேர் அங்க இருக்குது, எங்காளு பேர் இல்ல. அடுத்த வருஷமும் எரியும்."

"எரியட்டும்க்கா. ஆனா எழுந்துக்கோ."

"எழுந்துக்காம? அந்த டீச்சருக்கா வுட்டுருவேன்?"