முந்திப் பாடியவர்

எவாரிஸ்தோ போல்சோனி எங்கள் ஊர் ஓப்பரா அரங்கில் முப்பத்தோரு வருடம் டெனர் என்ற உச்ச ஆண்குரலில் பாடினார். சபையில் உட்கார்ந்தவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. சிறைக்குள்ளிருந்து வரும் குரல், பாய்மர உச்சியில் கூவும் மாலுமி, வானத்திலிருந்து பேசும் தேவதூதன் என்று மேடைக்குப் பின்னால் மறைவில் நின்று பாடவேண்டியது எதுவானாலும் அவர்தான்.

அவருடைய அப்பா, இத்தாலியின் பெரிய நதியான போ ஆற்றில் படகு விட்டவர். மூடுபனியில் எதிர்க்கரை தெரியாது. கூவிக் கூவித்தான் படகுகள் மோதாமல் விலகும். அந்தக் கூவலில் வளர்ந்த தொண்டை. இசைக் கல்லூரியில் பரிசு வாங்கி, இருபத்தாறு வயதில் மேடையேறினார். விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்தது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மேல்மாடி ரசிகர்கள் சீட்டியடித்தே விரட்டினார்கள். மறுவாரம் மறைவில் பாட ஆள் கிடைக்காமல் அவரைக் கூப்பிட்டார்கள். அங்கே குரல் முழுதாக வந்தது. அதன்பின் அவர் வெளிச்சத்துக்கு வரவே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற ஒரு ஓப்பராப் பருவம்தான் பாக்கி. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பொலோன்யாவில் இசை வரலாறு படித்துவிட்டு வந்த எனக்குக் கிடைத்தது, மேடைக்குப் பின்னால் ஒரு சின்னத் திரையில் இசை நடத்துநரின் கையைப் பார்த்து, மறைவில் நிற்பவருக்குப் பச்சை டார்ச் விளக்கு காட்டும் வேலை.

"டாக்டரம்மா வந்தாச்சு! டார்ச்சுக்குக் காய்ச்சல், கொஞ்சம் நாடி பாருங்க!" என்பான் திரைக்கயிறு இழுக்கும் தூய்லியோ. எங்கள் நாட்டில் பட்டதாரிகள் எல்லாருமே டாக்டர்தான்.

தக்காளி ஆலையில் வேலை பார்க்கும் அப்பா, "இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் என்னையே தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறைவிலிருந்து பாடுகிறவர் தாளத்துக்கு ஒரு மயிரிழை முந்த வேண்டும். இல்லாவிட்டால் சபையில் பிந்திக் கேட்கும். அந்த ஜனவரியில் எவாரிஸ்தோவுக்கு இருந்தது மூன்றாம் அங்கத்தில் எட்டு வரி, அக்கரையிலிருந்து பாடும் படகோட்டியின் பாட்டு. முதல் நாள் என் விளக்குக்கு ஒரு தாளம் முந்தி ஆரம்பித்துவிட்டார். பதறித் திரையைப் பார்த்தேன். இசை நடத்துநர் ஸானெல்லி தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் எட்டு வரியையும் முன்னதாகவே பாடி முடித்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சபையில் அதுவரை அவர் குரல் கேட்கவே இல்லை. பிறகுதான் விளக்கு காட்டும் நொடி வந்தது. கை பழக்கத்தில் அழுத்தியது. உடனே சபைக்குள்ளிருந்து அவர் குரல் எழுந்தது. அவர் வாய் மூடியிருந்தது.

"ஐயா... இப்போ பாடுறது யாரு?"

"நான்தான். பனியில கொஞ்சம் முன்னாடியே கூப்பிடணும் பொண்ணு. போய்ச் சேரணுமில்ல."

இவ்வளவு நேரம் அது எங்கே இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்பதற்குள் அவர் சொன்னார்: "அது எனக்கும் தெரியாது."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குளிரில் அவருக்குப் பிடித்திருந்த இருமல் ஸானெல்லியின் காதுக்குப் போயிருந்தது. பழைய ஒத்திகையில் பதிந்த அவருடைய பாட்டை டேப்பில் போட்டு என் மேஜைமேல் வைத்தார்.

"கிழவர் தடுமாறினா இந்தப் பட்டனை அமுக்கு. மிச்சம் மூணு காட்சிதான், அப்புறம் டேப்பே போதும்."

எவாரிஸ்தோ அந்த டேப் பெட்டியைப் பார்த்தார். "முப்பத்தோரு வருஷத்துல, பாட ஆரம்பிக்க வேண்டிய இடத்துல ஒரு எடுப்புகூட நான் விட்டதில்ல. எனக்குப் பதிலா இதைப் பாட விடாதே. அது நான் இல்ல."

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, கேண்டீனில் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எட்டு வரியையும் பாடினார். நடுவில் கரண்டி கிண்ணத்தில் இடித்தது.

"என்ன பெரியவரே, சூப்புக்குத் தாலாட்டா?" என்றான் தூய்லியோ.

"ஞாயித்துக்கிழமைக்கு," என்றார்.

புதன்கிழமை பேருந்து நிறுத்தத்தில் பாடினார். வியாழக்கிழமை அரங்கின் கல்படிக்கட்டில், சுவரைப் பார்த்தபடி. வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, என் பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பாடிவிட்டுப் போனார். பையில் விளக்கு இருந்தது. எரியவில்லை.

சனிக்கிழமை அவர் வீட்டு நாற்காலியிலேயே இறந்துகிடந்ததாக அவருடைய தங்கை அரங்குக்குப் போன் செய்தார்.

ஞாயிறு பிற்பகல் காட்சி. ஸானெல்லி கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். "டேப் போடு. தப்பு நடந்தா நாளையிலேர்ந்து வராதே."

மூன்றாம் அங்கம் வந்தது. காலி நாற்காலியில் அவர் சால்வை. ஒரு விரல் டேப் பட்டன்மேல், இன்னொரு கையில் விளக்கு. குரல் வராவிட்டால் எட்டு வரி மௌனம். அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வேலையும் இருக்காது. பட்டனை அமுக்கினால் அவர் வாழ்க்கையில் முதல் எடுப்பு தவறும். ஸானெல்லியின் கை உயர்ந்தது. நான் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, நாற்காலியைப் பார்த்து விளக்கைக் காட்டினேன்.

முதலில் யாரோ மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு பாட்டு, தாளத்தில் அச்சாக. மூன்றாம் வரி முடிகிற இடத்தில் கரண்டி கிண்ணத்தில் இடித்தது.

காட்சி முடிந்ததும் ஸானெல்லி மேடைக்குப் பின்னால் வந்து திட்டினார்: "டேப்புல என்ன சமையல்கட்டுச் சத்தம்? துடைச்சு வையி!" தூய்லியோ என்னைப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை.

அடுத்த காட்சியில் பாட்டுக்குப் பின்னால் பேருந்து பிரேக் கிறீச்சிட்டது. கடைசிக் காட்சியில் குரல் கல்படிக்கட்டில் மோதி எதிரொலித்தபடி வந்தது. மூன்று தடவையும் என் விளக்கு எரிந்த பிறகுதான் குரல் வந்தது. பருவம் முடிந்தது. அந்த ஓப்பராவை எங்கள் ஊரில் அதற்குப் பிறகு போடவில்லை.

வெள்ளிக்கிழமை பாடியது இன்னும் வந்து சேரவில்லை.

ரெஜ்ஜோ நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலைக்குக் கூப்பிட்டு எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அப்பாவுக்கு சந்தோஷம். எப்போது போகிறாய் என்று தினமும் கேட்கிறார். இப்போதைக்கு வர முடியாது என்று பள்ளிக்குப் பதில் எழுதிவிட்டேன். விளக்குக்கு பேட்டரி மாற்றிப் பையில் வைத்திருக்கிறேன். அதை எப்போது, எங்கே காட்ட வேண்டும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.